ஸ்கேன் படமும் அடகுச் சீட்டும்



விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு பயிரிடும் சிறு விவசாயிகள் 464 பேரிடம் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு நடந்தது. கரும்புப் பணம் கைக்கு வருமுன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை என்று அதே மனிதர்களுக்குப் புதிர்களும் கவனச் சோதனைகளும் தரப்பட்டன. பணம் வருமுன் அவர்களில் நூற்றுக்கு 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகில் வைத்திருந்தார்கள். வந்தபின் அது நூற்றுக்கு 4 ஆகக் குறைந்தது. கையில் காசு இல்லாத நாட்களில் தடுமாறிய அதே விவசாயி, காசு வந்தபின் புதிர்களை விரைவாகவும் பிழை குறைவாகவும் விடுவித்தார். உடல் களைப்பு, சாப்பாட்டுக் குறைவு ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் இதை வெளியிட்டார்கள். பணக்கவலை மனத்தில் இடம் பிடித்துக்கொள்கிறது, மற்றதை யோசிக்க மிச்சம் வைப்பதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

அந்த விவசாயிகள் உடல்நலத்தோடு இருந்தவர்கள். கரும்பு எப்போது வெட்டுப்படும், ஆலைப் பணம் ஏறத்தாழ எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியும். புற்றுநோய் வந்த வீட்டுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. எத்தனை கீமோ, எத்தனை ஸ்கேன், மறுபடி வருமா, வேலைக்கு எப்போது திரும்பலாம் என்று எதற்கும் உறுதியான பதில் இல்லாத நேரத்தில், வாழ்நாளிலேயே பெரிய முடிவுகளை அந்தக் குடும்பம் எடுக்க வேண்டியிருக்கிறது. மார்பை முழுதாக எடுப்பதா, பாதி எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு வைத்துக்கொள்வதா? உள்ளூரில் பார்ப்பதா, சென்னைக்குப் போவதா? யோசிக்க அதிகத் தெளிவு வேண்டிய நேரத்தில்தான் பணக்கவலை அந்தத் தெளிவைத் தின்கிறது. புற்றுநோயாளியின் பணக்கவலை அவருடைய உடலையும் மனத்தையும் என்ன செய்கிறது, அதை மருத்துவமனை ஏன் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

கீமோ கொடுக்கும்போது வாந்தி, முடி உதிர்தல், இரத்த அணுக்கள் குறைதல் ஆகியவற்றை மருத்துவர்கள் பக்கவிளைவு என்று குறித்துக்கொள்கிறார்கள். எவ்வளவு கடுமை என்று தரம் பிரித்து எழுதுகிறார்கள். வாந்திக்கு மருந்து தருகிறார்கள். அணுக்கள் அதிகம் குறைந்தால் அடுத்த கீமோவைத் தள்ளி வைக்கிறார்கள். பணச்சுமையையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2013-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூசுஃப் ஸஃபரும் ஏமி அபர்னெத்தியும் எழுதினார்கள். கேட்க எளிமையான வாதம். ஆனால் அதுவரை ‘கணக்குப் பிரிவின் விஷயம்’ என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்றை அது மருத்துவரின் மேசைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஸஃபர் குழு 254 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டது. அவர்களில் நூற்றுக்கு 42 பேர் செலவு தங்களைப் பெரிதும் நசுக்குவதாகச் சொன்னார்கள். 46 பேர் உணவு, உடைச் செலவைக் குறைத்திருந்தார்கள். 20 பேர் எழுதிக்கொடுத்த அளவைவிடக் குறைவாக மருந்து சாப்பிட்டிருந்தார்கள். பெரும்பாலோர் மருந்துச் செலவுக்கு உதவி கேட்டு ஓர் அறநிறுவனத்தை அணுகியவர்கள் என்பதால் இந்த எண்களை எல்லா நோயாளிகளுக்கும் அப்படியே பொருத்த முடியாது. காப்பீடு இருந்தும் இந்த நிலை என்பது மட்டும் கவனிக்க வேண்டியது.

மனநலத்தைப் பொறுத்தவரை அயர்லாந்தில் லிண்டா ஷார்ப் குழுவினர் நடத்திய ஆய்வு முக்கியமானது. 654 நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர், புற்றுநோய் வந்தபின் வீட்டுச் செலவைச் சமாளிப்பது கடினமாகிவிட்டது என்றார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அமெரிக்காவில் நுரையீரல், பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் நடந்த இன்னோர் ஆய்வு, கையிருப்புக் குறைந்தவர்களுக்கு வலியும் மற்ற உபாதைகளும் அதிகம் என்று 2016-இல் காட்டியது. அதே நோய், ஆனால் சேமிப்பு இல்லாதவருக்கு அதிகம் வலிக்கிறது.

தமிழ்நாட்டு மருத்துவமனை வாசலில் நிற்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வலிக்கிறதா என்று மருத்துவர் கேட்கும்போது ‘பரவால்ல சார்’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நோயாளிகள் உண்டு. வலி என்று சொன்னால் இன்னொரு ஸ்கேன் எழுதிவிடுவார்களோ என்ற பயம். ஸ்கேன் என்றால் மகன் யாரிடமாவது போய்க் கைமாற்று கேட்க வேண்டும். அவன் ஏற்கெனவே யார் யாரிடம் கேட்டிருக்கிறான் என்பது அந்தத் தாய்க்குத் தெரியும். வலியை மறைப்பதுதான் அவளால் குடும்பத்துக்குச் செய்ய முடிந்த ஒரே சிக்கனம். மருத்துவக் குறிப்பேட்டிலோ ‘நோயாளிக்கு வலி இல்லை’ என்று ஏறிவிடுகிறது.

செலவின் அளவைப் பார்க்கலாம். தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தின் 75-ஆம் சுற்று 2017-18-இல் நடந்தது. புற்றுநோய்க்காக ஒரு முறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 22,520 ரூபாய், தனியாரில் 93,305 ரூபாய் என்று அது கண்டது. இது ஒரு தடவைக்கு. புற்றுநோயாளி ஒரு தடவையோடு வீடு திரும்புபவர் அல்லர். இந்தியாவில் 2022-இல் மட்டும் புதிதாக 14 லட்சம் பேருக்கு இந்த நோய் வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பங்கினர் நோய் முற்றியபின் வருபவர்கள். முற்றிய நோய்க்குச் செலவும் அதிகம், பலனும் குறைவு. செலவுக்குப் பயந்து தள்ளிப்போட்டதே பலரை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

பில்லில் வராத செலவுதான் குடும்பத்தை உண்மையில் தேய்க்கிறது. கதிர்வீச்சையே எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் நோயாளிகள் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். வாய்ப்புற்றுக்கோ கருப்பைவாய்ப் புற்றுக்கோ கரண்டு வைப்பதென்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரம். எந்திரத்துக்கு அடியில் படுத்திருப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காக ஒன்றரை மாதம் வெளியூரில் தங்க வேண்டும். சிகிச்சை முழுக்க இலவசம் என்றே வைத்துக்கொண்டாலும் அறை வாடகை, இரண்டு பேர் சாப்பாடு, ஆட்டோ, துணைக்கு வந்தவரின் அறுந்துபோன கூலி எல்லாம் இருக்கிறது. தொண்டை வெந்து சோறு இறங்காதபோது வாங்கும் சத்துமாவு, பால், இளநீரும் அதில் சேரும். இவற்றில் எதற்கும் ரசீது கிடையாது. காப்பீட்டுக் கணக்கில் இவை ஏறுவதும் இல்லை.

நோயாளிகள் எல்லோரும் ஒரு பை வைத்திருப்பார்கள். பெரும்பாலும் துணிக்கடைப் பை. அதில் சதைப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், காப்பீட்டு அட்டையின் நகல், ரேஷன் அட்டை நகல் எல்லாம் இருக்கும். சற்று உள்ளே கையை விட்டால் நகைக்கடன் சீட்டும் அகப்படும். ஸ்கேன் படமும் இந்தச் சீட்டும் ஒரே பையில் இருப்பது தற்செயல் அல்ல. இரண்டுமே தொலைந்துவிடக் கூடாத தாள்கள். சீட்டில் எடை, தொகை, கெடுத் தேதி இருக்கும். முதலில் வங்கியில் வைத்த நகையைத் திருப்பி, அதிகம் தருகிறார்கள் என்று தனியாரிடம் மறு அடகு வைத்திருப்பார்கள். அதற்கு வட்டி கட்ட மகளிர் குழுவில் ஒரு கடன். குழுத் தவணைக்குத் தண்டல்காரரிடம் இன்னொன்று. கடைசியில் ‘நகை மூழ்கிப்போச்சு’ என்ற செய்தி வரும். பெண் நோயாளிகளுக்கு இந்த வாக்கியம் நோயின் பெயரைக் கேட்டபோது விழுந்த அடிக்குச் சற்றும் குறைந்தது அல்ல. அந்த நகை அவள் தாய் வீட்டிலிருந்து வந்தது. மகளுக்கென்று எடுத்து வைத்தது. தன் உடம்புக்காக மகளின் கழுத்தை வெறுமையாக்கிவிட்டோம் என்ற நினைப்பு கீமோ முடிந்த பிறகும் போவதில்லை.

‘எனக்கு ஒண்ணும் வேணாம், இருக்கிறத புள்ளைங்களுக்கு வைங்க’ என்ற வாக்கியத்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் பலர் கேட்டிருப்பார்கள். கேட்பவர்கள் அதை விரக்தி என்றோ தியாகம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரங்களில் அது நோயாளி போட்டுப் பார்த்த ஒரு கணக்கு. தான் பிழைப்பதற்கான வாய்ப்பையும் வீட்டில் மிஞ்சியிருப்பதையும் அவர் எடை போட்டுப் பார்த்திருக்கிறார். அந்தக் கணக்கில் பிழையும் இருக்கலாம். குணமாகும் வாய்ப்பு அதிகமுள்ள நோயைக் குணமாகாது என்று எண்ணியிருக்கலாம். இருக்கும் உதவிகள் தெரியாமல் செலவை இரட்டிப்பாக நினைத்திருக்கலாம். கணக்கைத் திருத்த வேண்டுமானால் அவர் என்ன கணக்குப் போட்டார் என்று முதலில் யாராவது கேட்க வேண்டும். இங்கே குடும்பம் நோயின் பெயரை நோயாளியிடம் மறைக்கிறது; நோயாளி தன் வலியைக் குடும்பத்திடம் மறைக்கிறார்; கடனின் அளவை இருவரும் மருத்துவரிடம் மறைக்கிறார்கள். இத்தனை மௌனத்துக்கு நடுவில்தான் சிகிச்சை நடக்கிறது.

சிகிச்சையை இலவசமாக்கினால் கவலை தீர்ந்துவிடுமா? இங்கிலாந்தில் அரசு மருத்துவம் இலவசம். 2009 ஏப்ரலிலிருந்து புற்றுநோயாளிகளுக்கு மருந்துச் சீட்டுக் கட்டணமும் இல்லை. ஆனாலும் மேக்மில்லன் என்ற புற்றுநோய் உதவி அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி ஐந்தில் நான்கு நோயாளிகள் பணரீதியாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சராசரி பாதிப்பு மாதம் 570 பவுண்டு. சம்பள இழப்பும் போக்குவரத்தும் அதில் பெரும்பங்கு. குளிர் தாங்காத உடம்புக்குக் கூடுதலாகப் போடும் வீட்டு வெப்பமூட்டியின் செலவும் உண்டு.

தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றி அமைக்கப்பட்ட ஏற்பாடு ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது தாங்குகிறது. இதைக் குறைத்துச் சொல்வது நன்றியற்ற செயல். அதன் விளிம்பில் நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது; அதாவது மாதம் 10,000. துணிக்கடையில் நின்று 13,000 சம்பளம் வாங்குபவர் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார். அவருக்கு அரசு மருத்துவமனைக் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் அட்டை இல்லை. வருமானச் சான்றிதழுக்காக நோயாளியின் கணவர் கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலையும் நாட்களும் சம்பளம் இல்லாத நாட்கள்தான். அட்டை இருப்பவருக்கும், ‘அப்ரூவல் இன்னும் வரலை’ என்று வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பொழுது தனிச் சித்திரவதை.

பணம் இல்லாமல் போவது உயிரையும் பாதிக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் பதில் தர முயன்றிருக்கின்றன. கம்போடியா, இந்தோனேசியா, லாவோஸ், மலேசியா, மியான்மர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய எட்டு நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. நோய் தெரிந்து ஓராண்டு முடிவதற்குள் நூற்றுக்கு 29 பேர் இறந்திருந்தார்கள். 48 பேர் வீட்டின் ஆண்டு வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் சிகிச்சைக்குச் செலவிட்டுப் பொருளாதாரச் சரிவில் விழுந்திருந்தார்கள். உயிரோடும், வீடு குலையாமலும் இருந்தவர்கள் வெறும் 23 பேர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காட் ராம்சே குழு, புற்றுநோயாளிகள் திவாலாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.65 மடங்கு என்று 2013-இல் காட்டியது. திவாலானவர்கள் இறக்கும் அபாயம் திவாலாகாத நோயாளிகளைவிட 79 சதவீதம் அதிகம் என்று மூன்று ஆண்டு கழித்துச் சொன்னது. நோய் முற்றியதால் கடன் ஏறியதா, கடனால் நோய் முற்றியதா என்று இதை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு வழி மட்டும் நன்றாகத் தெரிகிறது: மருந்து நின்றுபோவது. நாள்பட்ட இரத்தப் புற்றுக்கு இமாடினிப் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் தினமும் சாப்பிட வேண்டும். கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை அதிகமாக இருந்த நோயாளிகள் முதல் ஆறு மாதத்துக்குள் மருந்தை விட்டுவிடும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதல் என்று 2014-இல் ஓர் ஆய்வு கண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு மாத்திரையை நீட்டுவது நம் ஊரிலும் நடப்பதுதான்.

இமாடினிப் கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மருந்து வருவதற்கு முன் நாள்பட்ட இரத்தப் புற்று சில ஆண்டுகளில் உயிரை எடுத்துவிடும் நோய். வந்தபின் அது சர்க்கரை நோயைப் போல மாத்திரையோடு வாழக்கூடிய ஒன்றாகிவிட்டது. ஆனால் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ‘கிளிவெக்’ மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் எட்டாயிரம் பத்தாயிரத்துக்குச் செய்து கொடுத்தன. நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் எதிர்ப்பு மனு கொடுத்தவர்களில் ஒன்று. அந்தச் சட்டப்பிரிவையே எதிர்த்து நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் மனு தள்ளுபடியானது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. நோவார்ட்டிஸ் பல ஆயிரம் இந்திய நோயாளிகளுக்கு அந்த மருந்தை இலவசமாகத் தந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒருவருடைய கருணையால் கிடைக்கும் மருந்து அடுத்த மாதமும் வருமா என்ற கவலையோடு சேர்ந்தே வருகிறது. கடையில் தன் காசில் வாங்க முடிகிற மருந்தில் அந்தக் கவலை இல்லை.

அந்தத் தீர்ப்புக்கு ஓராண்டுக்கு முன், 2012 மார்ச்சில், கல்லீரல், சிறுநீரகப் புற்றுக்கான சோராஃபெனிப் மருந்தைச் செய்ய நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கிடைத்தது. பேயர் நிறுவனம் மாதத்துக்கு 2,80,428 ரூபாய்க்கு விற்றதை 8,880 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இந்தியா கொடுத்த முதல் கட்டாய உரிமம் அது. 2019-இல் 42 புற்றுநோய் மருந்துகளின் விற்பனை லாபத்துக்கு 30 சதவீத உச்சவரம்பு வந்தது. பின்னர் டாட்டா நினைவு மருத்துவமனை முன்னின்று நடத்தும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, பல மருத்துவமனைகளின் தேவையை ஒன்றாகத் திரட்டி 40 மருந்துகளுக்கு விலை பேசியது. மொத்தம் 1,320 கோடி ரூபாய் மிச்சமானது. மருத்துவமனை மருத்துவமனையாகத் தனித்தனியே பேரம் பேசியபோது கிடைக்காத விலை, சேர்ந்து நின்றபோது கிடைத்தது.

விலையைக் குறைப்பதோடு நில்லாமல், சிகிச்சையையே நோயாளியின் மடியிருப்புக்கு ஏற்ப மாற்றி எழுதியதுதான் டாட்டா மருத்துவமனையின் பெரிய சாதனை. தலை, கழுத்துப் புற்று முற்றிய நிலையில் வருபவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக, வீட்டிலேயே சாப்பிடக்கூடிய இரண்டு மலிவு மாத்திரைகளை விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் உள்ளிட்டோர் பரிசோதித்தார்கள். மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் என்ற அவை இரண்டும் பழைய மருந்துகள். மாத்திரை சாப்பிட்டவர்களின் இடைநிலை வாழ்நாள் 7.5 மாதம், நரம்பில் ஏற்றியவர்களுக்கு 6.1 மாதம் என்று 2020-இல் முடிவு வந்தது. மிச்சமிருக்கும் சில மாதங்களில் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று யோசித்தால் இதன் அருமை புரியும். பேருந்துப் பயணமும், படுக்கைக்குக் காத்திருப்பும், கூட வருபவரின் கூலி இழப்பும் குறைகின்றன. அந்த நாட்கள் வீட்டில் கழிகின்றன.

அதே குழு அடுத்து நிவோலுமாப் பக்கம் திரும்பியது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றை அடக்கும் மருந்து அது. மிகமிக விலை உயர்ந்தது. அப்போது இந்தியாவில் நூற்றுக்கு ஓரிரண்டு பேரால்தான் அதை வாங்க முடிந்தது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒரு முறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 151 நோயாளிகளில், அந்தச் சிறு அளவைச் சேர்க்காத பிரிவில் ஓராண்டு கழித்து நூற்றுக்கு 16 பேர் உயிரோடு இருந்தார்கள். சேர்த்த பிரிவில் 43 பேர். பணம் இல்லை என்பதை நோயாளியின் தலைவிதியாக விட்டுவிடாமல் ஆராய்ச்சிக் கேள்வியாக எடுத்துக்கொண்டதால் கிடைத்த பலன் இது. இதுபோன்ற ஆராய்ச்சிக்கு மருந்து நிறுவனங்கள் முன்வரப்போவதில்லை. அரசும் அறக்கட்டளைகளும்தான் காசு கொடுக்க வேண்டும்.

அறத்தின் துணையில் வளர்ந்த புற்றுநோய் மருத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி ஊர் ஊராய்ப் பணம் திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறில் தொடங்கியதுதான் இன்றைய புற்றுநோய் நிலையம். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் மறையும் வரை அங்கேயே இருந்தார். காசு கொடுப்பவருக்கும் கொடுக்க முடியாதவருக்கும் ஒரே சிகிச்சை என்பது அங்கே முதல் நாளிலிருந்து கொள்கை. வெளியூரிலிருந்து குழந்தையோடு வரும் குடும்பங்களுக்குச் செயின்ட் ஜூட் இந்தியா அமைப்பு 2006-இல் மும்பையில் தொடங்கிய இலவசத் தங்குமிடங்கள் இப்போது சென்னையிலும் உண்டு. சிகிச்சை நடுவில் நின்றுபோவதைத் தடுப்பதில் ஒரு சுத்தமான அறைக்கும் சமையல் அடுப்புக்கும் எவ்வளவு பங்கு என்பதைக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்களிடம் கேட்க வேண்டும்.

மருத்துவமனைக்கு உள்ளே, நாளைக் காலையே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: கேட்பது. டியூக் பல்கலைக்கழகம் 300 நோயாளிகளிடம் விசாரித்தபோது, பாதிக்குச் சற்று மேற்பட்டோர் செலவைப் பற்றி மருத்துவரிடம் பேச விரும்பினார்கள்; பேசியவர்களோ நூற்றுக்கு 19 பேர்தான். பேசியவர்களில் பாதிக்கு மேல், 57 சதவீதம் பேருக்கு, அந்தப் பேச்சாலேயே செலவு குறைந்தது. மருத்துவர் மருந்தையே மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்கவில்லை; உதவித் திட்டங்களுக்கு வழிகாட்டியதும், தேவையற்ற வருகைகளைக் குறைத்ததும் போதுமானதாக இருந்தது. சிகாகோவின் ஜோனஸ் டி சூசா குழு 2014-இல் உருவாக்கிய 11 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உலகின் பல நாடுகளில் பயன்படுகிறது. அதை அப்படியே எடுத்தாளலாம். நம் ஊருக்கு இன்னும் நேரடியான கேள்விகள் உண்டு. நகை எங்கே இருக்கிறது? கெடு எப்போது? எத்தனை வட்டி? வீட்டில் இப்போது சம்பாதிப்பது யார்? பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்? எந்த மருந்தை வாங்காமல் விட்டீர்கள்?

இதை மருத்துவரே கேட்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்ப்பவரிடம் இன்னொரு சுமையை ஏற்றுவது நியாயமும் இல்லை. மருத்துவ சமூகப் பணியாளர் என்ற பதவி அதற்காகத்தான் இருக்கிறது. பல மருத்துவமனைகளில் அவர் காப்பீட்டுப் படிவம் நிரப்புவதிலேயே நாளைக் கழிக்கிறார் என்பதுதான் குறை. சதைப் பரிசோதனை முடிவு வந்த அன்றே, சிகிச்சைத் திட்டம் எழுதுமுன், அவரை நோயாளி சந்திக்க வேண்டும். மொத்தம் எத்தனை மாதம், எத்தனை முறை வர வேண்டும், எது இலவசம், எது கைக்காசு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ரயிலில் சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்பெட்டியிலும் கட்டணமே கிடையாது, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை என்பது போன்ற செய்திகளைக்கூடப் பாதிச் சிகிச்சை முடிந்தபின் பக்கத்துப் படுக்கைக்காரரிடமிருந்துதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் இந்த விசாரிப்பு தொடர வேண்டும். மார்பு அறுவையின்போது அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்த பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கை வீங்கிக்கொள்ளும். அந்தக் கையால் நாற்று நடவோ, சித்தாள் வேலையில் கல் சுமக்கவோ முடியாது. நோய் குணமாகிவிட்டது என்று ஏட்டில் எழுதியிருக்கும். அவளுக்கு வேலை போயிருக்கும், கடன் அப்படியே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வரும்போது கட்டி திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, வேலைக்குப் போக முடிகிறதா என்றும் கேட்டு எழுதிக்கொண்டால், வீக்கத்துக்கு உடற்பயிற்சிப் பிரிவுக்கும், கனமில்லாத வேலை ஏதும் கிடைக்குமா என்று பார்க்கச் சமூகப் பணியாளரிடமும் அன்றைக்கே அவளை அனுப்பலாம்.